ஆளியும் குழுப்பரப்பும்

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்குத் தமிழ், சிங்கள அடியார்கள் பெருந்தொகையாக வருவதை அறிவீர்கள். அங்கு ஒரு வலையமைப்பு அமைப்பதாகக் கற்பனை செய்க. 24 துறைகள் கொண்ட ஓர் ஆளி. அதில் ஒரு சேவையகம், 20 திரைகள், ஒரு பழைய அச்சுப்பொறி. 12 திரைகளில் தமிழ் ஒலியுடனும் 8 திரைகளில் சிங்கள ஒலியுடனும் பூசை காட்டப்படவேண்டும். ஒரு காட்சிக்குச் செக்கனுக்கு 6 மெகாபிற்று தேவை.

ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினால் 20 × 6 = 120 மெகாபிற்று. சேவையகத்தின் வடமோ 100 மெகாபிற்று மட்டுமே தாங்கும். எனவே மல்ரிகாஸ்ற் எனப்படும் குழுப்பரப்பைக் கையாள்வோம். தமிழுக்கு 239.1.1.1, சிங்களத்துக்கு 239.1.1.2 என இரு குழு முகவரிகள். (224.0.0.0 முதல் 239.255.255.255 வரை குழுக்களுக்கு உரியவை.) சேவையகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியே அனுப்பும்: மொத்தம் 12 மெகாபிற்று.

சிக்கல் ஆளியில் எழுகிறது. வந்த சட்டகத்தின் அனுப்புநர் முகவரியைப் பார்த்தே, எந்தத் துறையில் எவர் உள்ளார் என ஆளி கற்கிறது. குழு முகவரி ஒருபோதும் அனுப்புநர் முகவரியாக வராது. ஆகவே ஆளியால் அதைக் கற்க முடியாது. குவியனைப் போல எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிடும். 10 மெகாபிற்று வேகமே உள்ள அச்சுப்பொறியின் துறைக்கும் 12 மெகாபிற்று பாயும். பூசை அழகாகத் தெரியும், அச்சுப்பொறி வேலை செய்யாது!

இதற்குத் தீர்வு ஒட்டுக்கேட்டல். ஒரு குழுவில் சேர விரும்பும் திரை ஐ.ஜி.எம்.பி. நெறிமுறைப்படி செய்தி அனுப்பும். இந்நெறிமுறையை 1989 இல் ஸ்ரீவ் டீரிங் எழுதிய ஆர்.எப்.சி. 1112 இல் காணலாம். செய்தி வழிப்படுத்திக்கு உரியது. ஆனால் ஆளி இடையில் அதை ஒட்டுக்கேட்டு, கேட்ட துறைக்கு மட்டும் அக்குழுவின் தரவை அனுப்பும். தமிழ்த் திரைக்கு 6 மெகாபிற்று, அச்சுப்பொறிக்கு எதுவுமில்லை.

பலர் தவறுவது அடுத்த படியில்தான். உறுப்பினர் இன்னும் உள்ளனரா என ஒருவர் இடையிடையே வினவவேண்டும். வழமையாக வழிப்படுத்தி 125 செக்கனுக்கு ஒருமுறை வினவும். நமது வலையமைப்பில் வழிப்படுத்தி இல்லை! வினவுவார் இல்லையெனில் திரைகளும் பதில் அனுப்பா; ஏறத்தாழ 260 செக்கனில் ஆளி அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பல ஆளிகளில் படம் நின்றுவிடும். சிலவற்றில் தரவு மீண்டும் எல்லாத் துறைகளுக்கும் பாயும். தொடக்கத்தில் நன்றாக ஓடிய படம் நாலைந்து நிமிடத்தில் நின்றால் முதலில் இதையே சந்தேகிக்க. ஆளியையே வினவுநராக அமைத்தால் குறை தீரும்.

வெளிநாட்டு உறவினர் அதே பூசையை யூரியூபில் பார்ப்பது குழுப்பரப்பு அன்று. பொது இணையம் குழு முகவரிகளைப் பொதுவாகக் கடத்துவதில்லை. அங்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியே செல்கிறது.

பயிற்சி: மேலும் இரு தமிழ்த் திரைகள் சேர்ந்தால் சேவையகம் அனுப்பும் அளவு தனிப் பிரதி முறையில் எவ்வளவு? குழுப்பரப்பில் எவ்வளவு?

விடை: 132 மெகாபிற்று, 12 மெகாபிற்று.