ஓர் அட்டவணை, முப்பது காணொலிகள்: ஊர்ச் செடிகளை ஆவணப்படுத்தும் வகுப்பறைச் செயல்பாடு

ஆறாம் வகுப்பு அறிவியலில் 'அன்றாட வாழ்வில் தாவரங்கள்' பாடத்தை ஒட்டி, பள்ளியைச் சுற்றியுள்ள செடிகளைப் பற்றி மாணவர்களே சிறு காணொலிகள் உருவாக்கும் செயல்பாட்டைச் செய்து வருகிறேன். எல்லாக் காணொலிகளுக்கும் அமைப்பு ஒன்றுதான். செடியின் படம், பெயர், பயன், எச்சரிக்கை, பின்னணியில் ஒரு மாணவரின் குரல். 40 நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் 30 செடிகளுக்கு 30 முறை படத்தைச் செருகி, எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஒலியைப் பொருத்துவதற்குப் பல மாலைப்பொழுதுகள் தேவைப்படும்.

காணொலிக்குக் காணொலி மாறும் தகவலை ஓர் அட்டவணையில் வைத்து, மாறாத வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும். இதற்கு நிரல் எழுதும் பயிற்சி தேவையில்லை. கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தே வேலையை முடிக்கும் இம்முறையை 'லோ-கோட்' பணியோட்டம் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கையால் தயாரிக்கும்போது ஒவ்வொரு காணொலியும் ஆசிரியரின் கண்ணில் பட்டே ஆக வேண்டும். தானாக உருவாகும்போது, யாரும் பார்க்காமலேயே ஒரு தவறான தகவல் மாணவரின் வீடுவரை போய்ச் சேரலாம். செடிகளைப் பொறுத்தவரை அது ஆபத்தானது. ஆகவே இக்கட்டுரையில் மென்பொருளைவிட அட்டவணைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

அட்டவணையை அமைத்தல்

கூகுள் ஷீட்டில் ஒரு செடிக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள் இவை: செடி எண், பெயர், தாவரவியல் பெயர், பயன், எச்சரிக்கை, பட இணைப்பு, ஒலி இணைப்பு, நிலை, காணொலி இணைப்பு. இந்தத் தலைப்புகளை நான் முன்கூட்டியே கொடுப்பதில்லை. "ஒரு செடியைப் பற்றி எல்லாருக்கும் என்னென்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் மாணவர்களே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு குழு 'ஆமணக்கு' என்றும், இன்னொரு குழு 'கொட்டைமுத்து' என்றும் எழுதி வந்தன. இரண்டு வரிசைகள், இரண்டு படங்கள். தாவரவியல் பெயரை நிரப்பும்போது இரண்டிலும் 'ரிசினஸ் கம்யூனிஸ்' என்று வந்ததும் வகுப்பில் ஒரே பேச்சு. "அப்ப ரெண்டும் ஒண்ணா சார்?" என்றாள் ஒரு மாணவி. ஒரு தாவரத்துக்கு உலகம் முழுவதும் ஒரே அறிவியல் பெயர் ஏன் தேவை என்பதை அதற்குப் பிறகு தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப் பெயர்களை விட்டுவிடவும் கூடாது. அவற்றுக்கு இரண்டாவது அட்டவணை ஒன்றை வைத்தோம். அதில் இரண்டே நெடுவரிசைகள்: செடி எண், வழங்குபெயர். ஒரு செடிக்கு எத்தனை பெயர் வந்தாலும் அதே எண்ணுடன் சேர்த்துக்கொண்டே போகலாம். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஓர் எண்ணால் இணைக்கும் இந்த உறவுநிலைத் தரவுத்தள முறையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் முன்வைத்தார். வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை இன்றும் பயன்படும் அந்த அடிப்படையை ஆறாம் வகுப்பு மாணவர் செடிகளைக் கொண்டே புரிந்துகொள்கிறார்.

வெற்றிடமும் 'இல்லை'யும்

எச்சரிக்கை நெடுவரிசையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. எச்சரிக்கை ஏதும் தேவையில்லை என்று உறுதியானால் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெறுமையான கட்டத்துக்கு 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்று பொருள்.

ஆமணக்கையே எடுத்துக்கொள்வோம். பயன் என்னும் இடத்தில் 'விளக்கெண்ணெய்' என்று மாணவர்கள் சரியாகவே எழுதினார்கள். ஆனால் அதன் விதை நச்சுத்தன்மை உடையது. எச்சரிக்கைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், எண்ணெய் தரும் நல்ல செடி என்ற செய்தி மட்டுமே காணொலியில் வரும். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பியும் அதைப் பார்ப்பான். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு. பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

பயன் நெடுவரிசையில் மருந்து அளவு, தயாரிப்பு முறை எதையும் சேர்ப்பதில்லை. "பெரியவர்களைக் கேட்காமல் எந்தச் செடியையும் வாயில் வைக்காதீர்கள்" என்ற வரி, அட்டவணையைச் சாராமல், எல்லாக் காணொலிகளின் முடிவிலும் நிலையாக வரும்.

டெம்ப்ளேட்

அடுத்து ஒரே ஒரு மாதிரிக் காணொலியை வடிவமைக்க வேண்டும். அதில் படம், பெயர், பயன், எச்சரிக்கை, ஒலி ஆகியவற்றின் இடங்களைக் காலியாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறோம். அட்டவணையின் நெடுவரிசைகள் அந்த இடங்களில் போய் அமரும். காணொலியின் நீளம் ஒலிப்பதிவின் நீளத்தைப் பின்பற்றுமாறு அமைப்பது நல்லது. இல்லாவிட்டால் மெதுவாகப் படிக்கும் குழந்தையின் குரல் பாதியில் அறுந்துவிடும்.

தமிழ் எழுத்துகளை முதலிலேயே சோதித்துவிடுங்கள். 'கொ', 'கௌ', 'க்ஷ' ஆகியவை வரும் சொற்களை இட்டுப் பார்த்தால் போதும். கொம்பு தனியாகவோ புள்ளி வட்டம் ஒன்றோ தெரிந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

பணியோட்டம்

இணைக்கும் வேலைக்கு நான் பயன்படுத்துவது 'மேக்' என்னும் இணையச் சேவை. 'சேப்பியர்', 'என்எய்ட்என்' ஆகியவையும் இதையே செய்யும். படிகள் ஐந்து:

1. நிலை 'சரி' என்று உள்ள வரிசைகளை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்தல்.
2. எச்சரிக்கைக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த வரிசையை அங்கேயே நிறுத்துதல்.
3. நிலையை 'தயாராகிறது' என மாற்றுதல்.
4. தகவல்களைக் காணொலி தயாரிக்கும் சேவைக்கு அனுப்புதல்.
5. காணொலி வந்ததும் அதன் இணைப்பை அட்டவணையில் எழுதி, நிலையை 'முடிந்தது' என மாற்றுதல்.

மூன்றாம் படி தேவையற்றதுபோலத் தோன்றும். காணொலி உருவாகச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பணியோட்டம் மறுபடி இயங்கினால், நிலை இன்னும் 'சரி' என்றே இருப்பதால், அதே செடிக்கு இரண்டாவது காணொலி தயாராகத் தொடங்கும். இதைத் தடுப்பதற்கே அந்தப் படி.

நான்காம் படிக்கு கிரியேட்டோமேட், ஷாட்ஸ்டாக் போன்ற சேவைகள் உள்ளன. இவை கட்டணச் சேவைகள். சோதித்துப் பார்க்கும் அளவுக்கு இலவசம். செலவு செய்ய இயலாதவர்கள் கேன்வாவின் 'பல்க் கிரியேட்' வசதியைப் பயன்படுத்தலாம். ஆசிரியர்களுக்கான கேன்வா கல்விக் கணக்கு இலவசம். அட்டவணையை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து அங்கே ஏற்றினால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பக்கம் உருவாகும். ஒலியை மட்டும் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.

'சரி' என்று எழுதும் உரிமை

வரைவு நிலையில் யார் வேண்டுமானாலும் அட்டவணையில் எழுதலாம். 'சரி' என்று மாற்றுவது ஆசிரியர் மட்டுமே. ஷீட்டில் அந்த நெடுவரிசையை மட்டும் பூட்டி வைக்க வசதி உண்டு. படத்தில் உள்ளது அந்தச் செடிதானா, எழுதிய பயன் சரியா, குரல் அந்த வரிசைக்குரியதா என்று பார்த்து முடிக்க ஒரு செடிக்குச் சில நிமிடங்கள் ஆகும். காணொலித் தொகுப்பில் மிச்சமான நேரத்தை நான் இங்கேதான் செலவிடுகிறேன்.

பின்னர் ஒரு திருத்தம் தேவைப்பட்டால், அந்த ஒரு கட்டத்தைத் திருத்தி நிலையை மீண்டும் 'சரி' ஆக்கினால் அந்தக் காணொலி மட்டும் புதிதாகத் தயாராகும். ஆனால் வாட்ஸ்அப்பில் கோப்பாகப் பரவிய பழைய காணொலியைத் திரும்பப் பெற முடியாது. எனவே பெற்றோர் குழுவில் கோப்பைப் பகிராமல் இணைப்பைப் பகிருங்கள். கூகுள் டிரைவில் பழைய கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றினால் இணைப்பு மாறாது.

குழந்தைகளின் குரல்

குரலும் தனிநபர் தரவுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை எனக் கொள்கிறது; அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. ஒப்புதல் கடிதம் பெற்ற பிறகே ஒலிப்பதிவு செய்கிறோம். அட்டவணையில் மாணவர் பெயரோ எமிஸ் எண்ணோ இருக்காது. ஒலிக் கோப்புக்குச் செடி எண்ணே பெயர். முகம் தெரியும் படங்களைச் சேர்ப்பதில்லை.

கணினியே தமிழைப் படித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. நான் அதைத் தவிர்க்கிறேன். நான்கு வரியைப் பிழையின்றிப் பதிவு செய்வதற்காக ஒரு மாணவர் அதை ஐந்தாறு முறை வாய்விட்டுப் படிக்கிறார். வகுப்பில் எழுந்து படிக்கத் தயங்குபவர்கூட ஒலிப்பதிவுக்காக ழகர, ளகர வேறுபாட்டைத் தானே திருத்திக்கொள்கிறார். அந்த வாசிப்புப் பயிற்சியை இயந்திரத்திடம் கொடுத்துவிட எனக்கு மனமில்லை.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் ஐந்தே வரிசைகளுடன் தொடங்கலாம். செடிகளுக்குப் பதிலாகத் தமிழில் இணைச்சொற்கள், சமூக அறிவியலில் ஊரின் நீர்நிலைகள், கணக்கில் வடிவங்கள் என எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் அட்டவணையைத் தாளில் வரைந்து மாணவர்களுடன் நிரப்புங்கள். எந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் காணொலி வெளியாகக் கூடாது என்பதையும் அப்போதே அவர்களுடன் பேசி முடிவு செய்துவிடுங்கள்.