பாசி வளர்ப்புக்கு எந்தக் கடல்? எவ்வளவு கடல்?



ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் குழுப் பெண்கள் 2000-க்குப் பிறகு கடன் வாங்கித் தொடங்கிய தொழில் கடல்பாசி வளர்ப்பு. கப்பாபைகஸ் என்ற இந்தப் பாசியை 'பெப்சி பாசி' என்றால்தான் ஊரில் தெரியும். மூங்கில், கயிறு, விதைப்பாசி என எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம். இடத்துக்கு மட்டும் போடுவதில்லை. "கடல் பெருசுதானே அக்கா, எங்க வேணா போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? ஒரு மிதவை 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். 45 நாளில் அறுவடை. அதனால் ஒருவர் 45 மிதவை வைத்துக்கொண்டு, தினம் ஒன்றாக அறுத்து, உடனே திரும்ப விதை கட்டி விடுவது வழக்கம். ஐந்து பேர் குழுவுக்கு 225 மிதவை. மிதவை மட்டுமே 2,025 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர். நடுவில் ஆள் நடக்க, வள்ளம் போக, தண்ணீர் ஓட இடம் விட்டால் இன்னும் கூடும். ஒரே கரையில் பத்துக் குழு இறங்கினால் கரைவலை இழுப்பவரும் நண்டு வலை போடுபவரும் எங்கே போவார்கள்? சண்டை தொடங்குவது இங்கேதான். வலை போடுபவர் வேறு யாரும் இல்லை, நம் வீட்டு ஆண்களும் அண்ணன் தம்பிகளும்தான்.

அடுத்தது, எந்தக் கடல் என்பது. இது வெளிநாட்டுப் பாசி. 2005 டிசம்பரில் தமிழக அரசு போட்ட அரசாணைப்படி, பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் இதை வளர்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறை இருக்கிறது. பாசியிலிருந்து ஒடிந்த சின்னத் துண்டு போதும், ஒட்டிய இடத்தில் வளர்ந்துவிடும். குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாறை செத்தால் மீன் குறையும். தீவுப் பக்கம் முங்கி நாட்டுப்பாசி எடுக்கிற பெண்களின் பிழைப்பும் கெடும்.

மணல் தரையாக, ஓரளவு நீரோட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். கடற்புல் மேல் மிதவை கட்ட வேண்டாம். வெயில் மறைந்தால் புல் அழியும், அதுதான் ஆவுளியாவுக்குத் தீனி. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஓரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் ஆவுளியா காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். ஆற்று முகத்துவாரமும் வேண்டாம், நல்ல தண்ணீர் கலந்தால் பாசி தாங்காது. ஆழமில்லாத இடத்தில் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிப் பாசி வெளுத்துவிடும். பாக் நீரிணையில் வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் மிதவை உடையும். தவணைத் தேதியைப் பேசும்போதே இந்த மாதங்களையும் வங்கியில் சொல்லிவிடுங்கள். பலர் சொல்வதில்லை.

இதையெல்லாம் எப்படி முடிவு செய்வது? ஊர்ப் பெரியவர்கள், வலை போடுபவர்கள், எல்லாக் குழுக்களும் ஒரு சாயங்காலம் கடற்கரையில் கூடுங்கள். கோலப்பொடியால் மணலில் கரையை வரையுங்கள். முதலில் படகுப் பாதை, பிறகு வலை இழுக்கும் இடம், புல் உள்ள இடம். மிச்சம் இருப்பதில்தான் மிதவை. ஒரு குழுவுக்கு எத்தனை, வரிசைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அங்கேயே பேசுங்கள். அதை சார்ட் பேப்பரில் வரைந்து, கையெழுத்து வாங்கி, தீர்மான நோட்டில் ஒட்டுங்கள். ஒரு நகலை மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டி, அந்த இடத்துக்குத் தடை இல்லையா என்று கேளுங்கள். கடன் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.