பழைய வண்டிக்கு எந்த சைலன்சர்?

நமது டிரஸ்டின் பழைய ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தாலே கைக்குழந்தைகள் விழித்து அழுவதாகத் தாய்மார்கள் முறையிட்டார்கள். நியாயம்தான். சைலன்சர் மாற்றப் போய் நாம் தெரிந்துகொண்டது இது.

சத்தம் கேட்டதும் சைலன்சரையே குறை சொல்ல வேண்டாம். இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தாலும் உறுமும். அங்கே கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. வண்டிக்குள் படுத்திருக்கும் நோயாளிக்கு அது ஆபத்து. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவதானால், உள்ளே தடுப்பறைகள் உள்ளதாக, வண்டியின் மாடலுக்கு உரியதையே கேளுங்கள். நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது பஞ்சு கரிந்துபோனதும் கத்தத் தொடங்கும். (விலையைப் பார்த்து நாமும் அதைத்தான் முதலில் கேட்டோம்!) ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் நீர் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், அலுமினியம் பூசிய தகடு கூடுதல் காலம் உழைக்கும்.

சைலன்சரைக் கழற்றி பைக் ஓட்டும் வாலிபர்களே, மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.