மேட்டில் தட்டும் என்ஜின்

போன மாதம் எங்கள் சித்தப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு ஒரு நோய் வந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி அது. கல்லாறு தாண்டி மேடு ஆரம்பித்ததும் டிக்டிக்டிக் என்று, டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியது மாதிரி சத்தம். இழுவையும் இல்லை. முதல் ஒர்க்‌ஷாப்பில், "என்ஜினை இறக்கிப் போர் பண்ணணும், நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தி சங்கிலியை அடகு வைக்கிற பேச்சு வரைக்கும் போய்விட்டது. கடைசியில் செலவானது ஒரு கேஸ்கட்டும் அரை நாள் கூலியும்தான். அது எப்படி என்று தொழிற்பிரிவில் படிக்கிற எனக்கே அன்றைக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

முதலில் சத்தம். எல்லாத் தட்டலும் ஒன்று இல்லை. பேரிங் தேய்ந்திருந்தால் டொக்டொக் என்று கனமாகக் கேட்கும். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தாலே வரும். அந்த சிலிண்டரின் பிளக்கைச் செயல்படாமல் செய்தால் சத்தம் குறையும். டேப்பட் சத்தம் மெல்லிசாக, ஐடிலிங்கிலேயே வரும். சித்தப்பா வண்டியில் வந்தது மேட்டில், பாரம் ஏறும்போது மட்டும். அதற்கு நாக்கிங் என்று பெயர். பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்தில் இருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்கு முன்பே மறுகோடியில் இருக்கிற கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே குபீரென்று வெடித்தால் அந்தச் சத்தம் வரும். தொடர்ந்து விட்டால் பிஸ்டனே ஓட்டையாகும்.

காரணங்கள் பல. டைமிங் முன்னால் போயிருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், என்ஜின் அதிகமாகச் சூடாகலாம், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். (இந்த நாக்கிங்கை அடக்கத்தான் 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் சேர்க்கக் கண்டுபிடித்தார். அது நஞ்சு. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள்.)

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் இருந்த அண்ணன் ஸ்பேனரையே தொடவில்லை. வேக்கம் கேஜை எடுத்து இன்லெட் மேனிஃபோல்டில் மாட்டினார். ஐடிலிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சும்போது காற்று போதாமல் உள்ளே அழுத்தம் குறையும். அதைத்தான் அந்த டயல் பாதரச அங்குலத்தில் காட்டுகிறது. சமவெளியில் நல்ல என்ஜினுக்கு ஊசி 17-க்கும் 21-க்கும் நடுவில் ஆடாமல் நிற்கும். ஒரு வால்வு சரியாக உட்காராவிட்டால் தாளம் தப்பாமல் விழுந்து விழுந்து எழும். ஆக்சிலேட்டரைத் தூக்கி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு.

எங்கள் வண்டியில் ஊசி 13-இல் அசையாமல் நின்றது.

இங்கேதான் எனக்குக் குழப்பம். ஊசி ஆடாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்னால் போயிருக்கும் என்று வகுப்பில் படித்தேன். ஆனால் நாக்கிங் வந்தால் டைமிங் முன்னால் போயிருக்க வேண்டுமே! இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? கேட்டேன். "அப்படிக் கேளு கண்ணு. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுத்திருக்காங்க" என்று சிரித்தார்.

டைமிங் லைட் அடித்துப் பார்த்தார். இருக்க வேண்டியதை விட நன்றாகவே முன்னால் இருந்தது. அப்படி இருந்தும் வேக்கம் 13 என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. காதை வைத்துக் கேட்டால் மெல்லிய 'உஸ்ஸ்'. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில் தடவிக்கொண்டே போனார். பின்பக்கம் வந்ததும் சத்தம் நின்றது, ஊசி டக்கென்று 17-க்கு ஏறியது. காய்ந்ததும் திரும்ப 13. (இதைப் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இந்த என்ஜினில் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் செய்யாதீர்கள்!)

கதை புரிந்ததா? கேஸ்கட் விட்டுப்போய் வெளிக்காற்று சேர்ந்ததால் கலவை மெலிந்தது, ஐடிலிங் தடுமாறியது. முன்பு யாரோ அதைச் சரிசெய்ய டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். ஐடிலிங் நின்றது, ஆனால் மேட்டில் தட்டல் வந்தது. தட்டலும் மெலிந்த கலவையும் சேர்ந்து இழுவையைத் தின்றுவிட்டன. போர் பண்ணத் தேவையா என்று கம்ப்ரஷனும் பார்த்தார். நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. என்ஜின் நல்லாத்தான் இருக்கு!

புது கேஸ்கட் போட்டதும் ஊசி 20-க்குப் போனது. நான் கை தட்டினேன். அண்ணன் தலையாட்டிவிட்டு டைமிங்கைக் குறிக்கு நேராகப் பின்னால் வைத்தார். ஊசி 18-க்கு இறங்கியது. "ஊசி மேல நிக்கணும்னு டைமிங்கை வச்சீன்னா மறுபடி தட்டும்" என்றார். இது எனக்குப் புத்தகத்தில் கிடைக்காத பாடம்.

அன்று மாலையே ஐந்து பேரை ஏற்றிப் பர்லியார் வரைக்கும் போய்வந்தோம். கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரில் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தார் சித்தப்பா. சத்தமே இல்லை.

ஒரு விஷயம் பாக்கி. கடல்மட்டத்தில் இருந்து ஆயிரம் அடி ஏறினால் வேக்கம் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். ஊட்டி நம் ஊரைவிட 6000 அடிக்கு மேல் உயரம். இங்கே 18 காட்டுகிற இதே வண்டி அங்கே 12 காட்டும். அங்கே போய் யாராவது கேஜைப் பார்த்து "என்ஜினை இறக்கணும்" என்றால், எந்த ஊர்க் கணக்கு என்று கேளுங்கள்.

– 12-ஆம் வகுப்பு, தொழிற்பிரிவு