விளிம்பு வழவழப்பாக வர: சிறு சி.என்.சி. வைத்திருப்பவர்களுக்கு

வீட்டிலோ சிறு பட்டறையிலோ சி.என்.சி. ரூட்டர் வைத்துப் பெயர்ப்பலகை, பொம்மை, அலங்காரத் தட்டி என ஆர்டர் எடுக்கிறீர்களா? உங்கள் லாபத்தை அதிகம் தின்பது, வெட்டி முடித்தபின் உப்புத்தாளோடு உட்காரும் நேரம். விளிம்பை இயந்திரத்திலேயே முடித்துவிட்டால் அந்த நேரம் அடுத்த ஆர்டருக்கு மிஞ்சும்.

பிட்

அப்கட் பிட் சீவலை மேலே தள்ளும். அதனால் பிளைவுட்டின் மேல்முகம் பிசிறும். டவுன்கட் பிட்டில் மேல்முகம் சுத்தமாக வரும். ஆனால் தூள் பள்ளத்திலேயே அடைந்து சூடேறும், ஆகவே வேக்குவம் ஓடட்டும். அடிமுகம் பிசிறாமலிருக்க, பலகைக்கு அடியில் சமமான தியாகப் பலகை ஒட்டி இருக்க வேண்டும். கம்ப்ரஷன் பிட் இருமுகத்தையும் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் நுனியிலுள்ள அப்கட் பகுதியைவிட முதல் பாஸ் ஆழமாக இறங்கினால்தான் அது பலிக்கும். லேசான இயந்திரத்தால் அது பெரும்பாலும் முடியாது.

வேகம்

சுழற்சி, பல் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவலின் கனம் மூன்றையும் பெருக்கினால் நகர்வு வேகம் வந்துவிடும். 16,000 சுற்று, 2 பல், 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,600 மி.மீ. வெட்டியதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளைவுட்டில் மாவுபோல் தூள் வந்தால், பிட் வெட்டாமல் உரசுகிறது. சுழற்சியைக் குறையுங்கள் அல்லது நகர்வைக் கூட்டுங்கள். எம்.டி.எஃப். எப்படியும் தூளாகத்தான் வரும். மாஸ்க் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள்.

இரண்டு சுற்று

பலனில் முதலிடம் இதற்குத்தான். 12 மி.மீ. பலகையை 6 மி.மீ. பிட்டால் வெட்டும்போது, கோட்டுக்கு வெளியே 0.3 மி.மீ. விட்டு, பாஸுக்கு 3 மி.மீ. வீதம் நான்கு பாஸில் இறங்குங்கள். பிறகு அந்த 0.3 மி.மீ.யை மட்டும் முழு ஆழத்தில் ஒரே சுற்றில் சீவுங்கள். கடைசிச் சுற்று கிளைம்ப் திசையில் போகட்டும்: வெளிவிளிம்புக்கு வலஞ்சுழி, உள்துளைக்கு இடஞ்சுழி. எடுக்க வேண்டிய மரம் கொஞ்சமே என்பதால் பிட் வளையாது, நாரும் கிழியாது.

துண்டு நகராமலிருக்க விடும் 'டேப்' இணைப்புகளை நேர்க்கோட்டில் வையுங்கள். வளைவில் வைத்தால் தேய்த்துச் சரிசெய்வது கஷ்டம். கையால் ஒடிக்காமல் உளியால் வெட்டியெடுங்கள்.

விளிம்பு சொல்லும் குறை

- கருகல்: பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது நகர்வு மெதுவாக இருக்கிறது.
- நகம் தட்டும் கிடைக்கோடுகள்: பாஸுக்குப் பாஸ் பிட் வளைகிறது, அல்லது ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. கோணமட்டம் வைத்துப் பாருங்கள்.
- அலை அலையான தடம்: பெல்ட் அல்லது சக்கரம் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பிட் கோலெட்டிலிருந்து அதிகம் நீண்டிருக்கிறது. கோலெட்டில் படிந்த தூளையும் துடையுங்கள்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பலகையின் கழிவுத் துண்டில் சோதியுங்கள். நன்றாக வந்த துண்டின் மேலேயே பிட், சுழற்சி, நகர்வு, ஆழம் எல்லாவற்றையும் எழுதி மாட்டிவையுங்கள். அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும் முன், அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.