அந்தமான் கிளம்புறியா? முதல்ல இதைப் படி!

நம்ம ஒரத்தநாட்டுப் பக்கத்துலேருந்தும் இப்போ குடும்பம் குடும்பமா அந்தமான் கிளம்புறாங்க. தாராளமா போய்ட்டு வாம்மா. ஆனா, போர்ட் பிளேர்லேருந்து (இப்போ ஸ்ரீ விஜயபுரம்) படகுல போற ஹேவ்லாக், நீல் தீவுகள்ல விமான நிலையம் கிடையாது. கடல் கொந்தளிச்சா படகை நிறுத்திடுவாங்க. 2016 டிசம்பர் முதல் வாரம் அப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிங்க அங்கே மாட்டிக்கிட்டாங்க. கடற்படை பித்ரா, பங்காரம், கும்பீர்னு கப்பல்களை அனுப்புச்சு. காத்து தணியற வரைக்கும் அந்தக் கப்பல்களே தீவுக்கு வெளியில காத்துக் கிடக்க வேண்டியதாச்சு. அந்தக் காத்தைக் கொண்டு வந்த தாழ்வு மண்டலம்தான் வலுத்து, வர்தா புயலா வந்து டிசம்பர் 12-ல சென்னையைப் புரட்டிப் போட்டது.

1. தீவை முதல்ல முடி, டவுனைக் கடைசியில வை. வேற எதை மறந்தாலும் இதை மறக்காதே. முக்கால்வாசி பேர் இறங்கின உடனே செல்லுலார் சிறையைப் பாத்துட்டு, ஹேவ்லாக்கைக் கடைசியில வெச்சுக்குறாங்க. காலையில படகு, மத்தியானம் ஃபிளைட்! அப்படிப் போடாதே. இறங்கின மறுநாளே ஹேவ்லாக் போய்டு. திரும்பி வந்து கடைசி ரெண்டு ராத்திரி போர்ட் பிளேர்ல தங்கு. படகு ஒரு நாள் தள்ளிப்போனா சிறை பாக்குற நேரம்தான் குறையும், ஃபிளைட் தப்பாது. படகு ரத்தானா படகுக் காசு திரும்ப வரும். அதனால நீ ஃபிளைட்டை விட்டா, அதுக்கு விமான கம்பெனி பொறுப்பில்லை. சென்னையிலேருந்து ஊருக்குத் திரும்புற உழவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் சேர்ந்து போகும். ஏஜென்ட் "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்"னு சொன்னா விடாதே, மாத்திப் போடச் சொல்லு.

2. மாசம் பாத்துப் போ. சம்பா அறுவடை முடிஞ்சு மாசி, பங்குனியில கடல் அமைதியா இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மே லீவுன்னா மாசக் கடைசிக்குத் தள்ளாதே. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்னாடி அந்தமான்லதான் இறங்கும், மே 20 வாக்குலயே.

3. நியூஸைக் காதுல வாங்கு. "அந்தமான் கடல் பகுதிக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம்"னு சொன்னா அது உனக்கும்தான். நம்ம வயலுக்கு மழை வருமான்னு மட்டும் கேட்டுட்டு சேனலை மாத்தாதே.

4. கைப்பையில இருக்க வேண்டியது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நம்ம ஊர்ல கரன்ட் இல்லாம எத்தனை நாள் கிடந்தோம்? ஏடிஎம் வேலை செய்யலை, போன்ல சார்ஜ் இல்லை. அதை நெனச்சுக்கிட்டே பையை அடுக்கு:
- மூணு நாள் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகுற ரொக்கம். ஜிபேயை நம்பாதே.
- சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலா. மருந்துச் சீட்டோட போட்டோவும் போன்ல இருக்கட்டும்.
- பவர் பேங்க், டார்ச், ஓஆர்எஸ், ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.

5. படகு நின்னுடுச்சா? இந்த வரிசையில செய். எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு படகுத்துறைக்கு ஓடுவாங்க. நீ முதல்ல இருக்குற ரூமை இன்னும் ஒரு நாளைக்கு நீட்டு. காலி பண்ணிட்டேன்னா, திரும்பி வரும்போது அது வேற ஆளுக்குப் போயிருக்கும். அடுத்தது விமான கம்பெனிக்கு போன். ஃபிளைட் கிளம்புறதுக்கு முன்னாடியே தேதியை மாத்தணும், கிளம்பிட்டா பேச்சுக்கே இடமில்லை. மூணாவதா படகு கவுன்ட்டர். மறுநாள் படகுல இடம் கிடைக்குதான்னு கேளு, அவசரப்பட்டு காசைத் திரும்ப வாங்கிடாதே. காசு வந்துட்டா உன் இடம் போச்சு, மறுபடி புதுசா டிக்கெட் தேடணும். கர்ப்பிணியோ நோயாளியோ கூட இருந்தா படகுத்துறை அதிகாரிகிட்ட உடனே சொல்லிடு.

யாராவது சின்னப் படகுக்காரர் "கூடக் கொஞ்சம் காசு குடுங்க, கொண்டு போய் விடுறேன்"னு வந்தா, வேண்டாம்னா வேண்டாம்தான். 2014 ஜனவரி 26-ல போர்ட் பிளேர் பக்கத்துல அளவுக்கு மீறி ஆளேத்தின சுற்றுலாப் படகு கவுந்து 21 பேர் செத்துப்போனாங்க. நிறையப் பேர் காஞ்சிபுரத்துலேருந்து போன நம்ம தமிழ் சனங்க. ஃபிளைட் காசு போனா சம்பாதிச்சுக்கலாம்மா.

6. காத்திருக்குற நாள்ல. சும்மாதானே இருக்கோம்னு பிள்ளைங்களைக் கடல்ல இறக்காதே. அலை மட்டுமில்லை, அந்தமான்ல உப்புநீர் முதலையும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்குற இடத்துல கால்கூட நனைக்காதே. டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், வெளி வேலையை நாலு மணிக்குள்ள முடி. கரையில ஒதுங்குற பவளத்தைப் பிள்ளைங்க பொறுக்கினா அங்கேயே போடச் சொல்லு. அதைக் கொண்டு வர்றது சட்டப்படி குத்தம், விமான நிலையத்துல பையைப் பிரிச்சு எடுத்துடுவாங்க.

7. படகு திரும்ப ஓடுற அன்னைக்கு. கடல் முழுசா அடங்கியிருக்காது, ஆட்டம் இருக்கும். பூரி மசால் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையை ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே போடு, குமட்டல் ஆரம்பிச்ச பிறகு போட்டா பெரிசா பிரயோஜனமில்லை. கீழ்த் தளத்துல நடுவுல இருக்குற சீட்டா பாத்து உட்காரு, ஆட்டம் அங்கேதான் கம்மி.