சாக்லேட் சிப்பாய்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியர்கள் ஜப்பானியரோடு கடுமையாக மோதியது எங்கே?

பதில்: பப்புவாவின் கொக்கோடா பாதையில் என்பேன். ஓவன் ஸ்டான்லி மலைகளின் குறுக்கே சுமார் 96 கிலோமீட்டர் ஒற்றையடித் தடம். 1942 ஜூலையில் முதலில் எதிர்த்து நின்றவர்களில் 39-வது பட்டாலியனும் உண்டு. அரைகுறைப் பயிற்சி பெற்ற இளவட்டங்கள். சூடு பட்டால் உருகிவிடுவார்கள் என்று 'சாக்லேட் சிப்பாய்கள்' எனக் கேலி வேறு. பச்சைக் காட்டுக்குக் காக்கி உடை கொடுத்து அனுப்பிய புண்ணியவான் யாரோ! சேறும் மலேரியாவும் போதாதென்று வயிற்றுக்கடுப்பு வேறு; அது தாளாமல் சிலர் கால்சட்டையின் பின்பக்கத்தையே அறுத்தெறிந்துவிட்டு நடந்தார்கள். ஆனாலும் பாதையோரத்து இசுராவா கிராமத்தில் நாள்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் பப்புவா மக்கள். நவம்பர் 2-ல் ஜப்பானியர் பிடியிலிருந்து கொக்கோடா கிராமம் மீண்டது. அடுத்த வாரமே ஆஸ்திரேலியத் தளபதி பிளேமி, அந்தப் பாதையில் போராடிப் பின்வாங்கிய 21-வது பிரிகேடை வரிசையில் நிறுத்தி, ஓடுகிற முயல்தான் சுடப்படும் என்று குத்திக்காட்டினார்.